அன்னம்மா வெடித்த நேரம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில், தனக்குப் பிடித்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் நம்பாத மனிதர் இன்றைய திகதிக்குத் தன்னைத் தவிர வேறு எவரும் இல்லை என்று கோகுலன் அறிவித்தான். கம்பஸ் கன்ரீனில், பௌதிகவியல் இறுதி வருடத்தார் வழக்கமாக இருக்கும் மேசையில், பாதி கடித்த உழுந்து வடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் அறிவித்தான். ஆனால் முகத்தில் பகிடிக்கு இடமே இல்லை.

"குடாநாடு முழுக்கக் கணக்கெடுத்தனியோ?" என்று கேட்டேன்.

"தேவையில்லை மச்சான். மாதிரி எடுத்தால் காணும்."

சொல்லிவிட்டு மேசையைச் சுற்றி ஒருமுறை பார்த்தான். மாதிரி நாங்கள்தான்.

"ஆசையிருக்கிறவன் தரவைப் பாக்கக்கூடாது," என்று தொடர்ந்தான். "எனக்கு ஆசையே இல்லை. அன்னம்மா ஓமெண்டால் ஓம். இல்லையெண்டால் இல்லை."

அன்னம்மா என்பது ஆள் அல்ல. வானத்தில் அன்னம் என்ற விண்மீன் கூட்டத்துப் பக்கமாக, ஆயிரக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால், ஒரு கருந்துளையும் ஒரு விண்மீனும் சோடியாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பட்டியலில் அந்தச் சோடிக்கு இருக்கும் பெயர் லொறியின் இலக்கத் தகடு போல நீளமானது. சொல்லி முடிப்பதற்குள் கேட்பவர் எழுந்து போய்விடுவார். அன்னக் கூட்டத்துக்காரி என்பதால் அன்னம்மா என்று நான் பெயர் வைத்தேன். கோகுலனுடைய ஆய்வுக்கு என்னுடைய பங்களிப்பு இது ஒன்றுதான். மற்றபடி என்னுடைய மோட்டார் சைக்கிளில் தெல்லிப்பழையிலிருந்து தினமும் அவனை ஏற்றி வருகிறேன். அதை எவரும் ஆய்வாகக் கணக்கெடுப்பதில்லை.

கருந்துளை கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து விண்மீனின் வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி, தன்னைச் சுற்றி ஒரு தட்டுப் போலச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கும். இருபது, இருபத்தைந்து வருடம் ஒரு சத்தம் இருக்காது. பிறகு ஒருநாள் தட்டு நிறைந்து, சேர்த்து வைத்தது முழுவதும் உள்ளே சரியும். எக்ஸ் கதிர் கொட்டும். இரண்டு பக்கமும் தாரைகள் பீறிடும். சில வாரங்களில் எல்லாம் அடங்கி, மறுபடியும் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். இதைக் கோகுலன் வீட்டில் விளக்கியபோது அவனுடைய அக்கா உதயகலா, "இதுக்கு ஏன்ரா ஆகாயத்தைப் பாக்கிறாய்? அம்மாவைப் பார்," என்றாளாம்.

அப்படி வெடிக்கும்போது, எக்ஸ் கதிரையும்விட இலட்சக்கணக்கான மடங்கு சக்தி கூடிய காமாக் கதிரும் வருகிறதா என்பதுதான் கோகுலனுடைய கேள்வி. சில வருடங்களுக்கு முன் அன்னம்மா வெடித்த நேரத்தில், பூமியைச் சுற்றும் செய்மதி ஒன்று வழமைபோல முழு வானத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது. அது பிடித்த காமாத் துணிக்கைகளின் கணக்கை எவரும் இணையத்திலிருந்து சும்மா இறக்கிக்கொள்ளலாம். பெரிய நாடுகளில் இருப்பவர்கள் இறக்கி, தேடி, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். தன்னுடைய முறையில் தேடினால் அகப்படும் என்றான் கோகுலன். ஆசையில்லாமல்தான் சொன்னான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வரும் துணிக்கைகள் மிகக் கொஞ்சம். எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை எண்ணுவது என்பதைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தினால், இல்லாததும் இருப்பது போல வரும். அந்த இடைவெளியை இவர்கள் யன்னல் என்பார்கள். எங்களுடைய விரிவுரையாளர் தக்சாயினி மிஸ் இதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். யன்னல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று முதலில் வகுப்புக்கு முன்னால் எழுந்து நின்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் தரவைத் திறக்கலாம். திறந்த பிறகு யன்னலில் கை வைக்கக்கூடாது.

கோகுலன் எழுந்து நின்று சொன்னான். அன்னம்மாவின் எக்ஸ் கதிரைக் கண்டு ஒரு செய்மதி எச்சரிக்கை அனுப்பிய நேரம்தான் தொடக்கம். அதோடு இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"தரவைப் பாத்துப்போட்டு யன்னலை நகர்த்துறவன் விஞ்ஞானி இல்லை மிஸ். அவன் சாதகம் பாக்கிற சாத்திரி."

வகுப்பு கைதட்டியது. மிஸ் கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார்.

"வசனம் நல்லாயிருக்கு. இரும்."

அடுத்து வரும் வெள்ளிக்கிழமை துறையின் ஆய்வு நாள். எண்ணிக் கிடைக்கும் முடிவு மூன்று சிக்மாவைத் தாண்டினால், அதாவது வெறும் தற்செயலில் ஆயிரம் தடவையில் இரண்டு மூன்று தடவைதான் அப்படி வரும் என்ற அளவுக்கு இருந்தால், பெரிய மண்டபத்தில் ஏறிப் பேசலாம். தாண்டாவிட்டால் போஸ்டர். போஸ்டர் ஒட்டுவது தண்ணீர் வடிகட்டிக்கும் கழிப்பறைக்கும் இடையிலிருக்கும் நடைபாதைச் சுவரில். போன வருடம் அங்கே ஒட்டியவர்களின் ஆய்வுகளை, கழிப்பறைக்கு முறை பார்த்து நின்றவர்கள் ஆழமாக வாசித்தார்கள் என்று கேள்வி.

கோகுலன் மண்டபம் என்றே எல்லோருக்கும் சொல்லிவிட்டான். நீல நிறத்தில் ஒரு சேட்டும் தைக்கக் கொடுத்துவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அவன் வீட்டுக்குப் போனபோது, அவனுடைய அம்மா குணலட்சுமி அன்ரி வெளியில் போய் வந்த கோலத்தோடு கதிரையில் இருந்தார். கைப்பை மடியில். செருப்புக் காலில். உதயகலா அக்கா குசினி வாசலில், உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்தபடி நின்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. வெங்காயமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அக்காவுக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை மல்லாகத்தார், பெயர் அருட்செல்வன், வங்கியில் வேலை. அக்காவும் அவரும் இரண்டு வருடமாக ஒருவரை ஒருவர் விரும்பியிருந்தது இரண்டு வீட்டுக்கும் தெரியும். தெரியாதது போல இரண்டு வீடும் தரகர் வைத்துப் பேசின. எல்லோருக்கும் விருப்பம். பொருத்தம் மட்டும்தான் பாக்கி. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அக்காவின் சாதகக் குறிப்பு எங்கேயோ தவறிவிட்டதால், பிறந்த நேரத்தைச் சொல்லிப் புதிதாக எழுதுவிக்க அன்ரி அருளம்பலம் சாத்திரியாரிடம் போயிருந்தார்.

"எட்டிலை செவ்வாயாம்," என்றார் அன்ரி. "பெடியனுக்கு இல்லையாம். செய்யேலாதாம்."

அறைக்குள்ளிருந்து கோகுலன் வெளியே வந்தான். இப்படியான நேரங்களில் அவன் எப்படியும் வந்துவிடுவான்.

"அம்மா, செவ்வாய் எண்டது கல்லும் தூசும். அக்கா பிறக்கேக்கை அது எங்கை நிண்டால் இவைக்கு என்ன?"

"ஏன்ரா, ஆயிரம் ஒளியாண்டு தள்ளி நிக்கிற அன்னம்மா உனக்குப் பெரிசு," என்றாள் அக்கா. "பக்கத்திலை நிக்கிற செவ்வாய் எங்களுக்கு ஒண்டுமில்லையோ?"

"அன்னம்மா ஆற்றையும் கலியாணத்தைக் குழப்பேல்லை."

"தன்ரை புருசனைத் திண்டுகொண்டிருக்கிறாள் எண்டு நீதானே சொன்னனீ."

அன்ரி இதொன்றையும் கேட்கவில்லை. கைப்பையின் வாரைத் தடவியபடி சுவரில் இருந்த மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்தார்.

"பொறுங்கோ. உவள் பிறந்தது வன்னியிலை."

"அது தெரிஞ்சதுதானே," என்றான் கோகுலன்.

"ஆஸ்பத்திரியிலை."

"அதுவும் தெரியும்."

"ஆஸ்பத்திரிச் சுவரிலை இருந்தது அரசாங்கத்தின்ரை மணிக்கூடெல்லோ!"

தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த நாட்களில் நாட்டில் இரண்டு நேரம் இருந்தது. அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்தது. போர்க் காலத்தில் அரசாங்கத்தின் கையில் இல்லாத வன்னியில் பழைய நேரமே ஓடியது. ஆனால் அங்கேயும் ஆஸ்பத்திரியை அரசாங்கமே நடத்தியது. கடிதம் போட்டு ஒருவரை ஆறு மணிக்கு வரச் சொன்னால், எந்த ஆறு மணி என்று அவர் பதில் கடிதம் போடுவார். அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்குக் குறிப்பு எழுதுவது லேசான தொழில் அல்ல.

"ஆறு பத்தெண்டு நேர்ஸ்தான் சொன்னவா," என்றார் அன்ரி. குரலில் உயிர் வந்திருந்தது. "நான் பழைய நேரமெண்டு சாத்திரியாருக்குச் சொல்லிப்போட்டன். அவா மணிக்கூட்டைப் பாத்துத்தானே சொல்லியிருப்பா. அப்ப அது புது நேரம். எங்கடை கணக்குக்கு ஐஞ்சு நாப்பது. அரை மணித்தியாலம் முந்திப் பிறந்திட்டாள் பிள்ளை!"

கோகுலன் சுவரில் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொண்டான்.

"இருவத்தாறு வருசமா உங்களுக்கு அந்த மணிக்கூடு நினைவு வரேல்லை. மாப்பிளை வந்த உடனை வந்திட்டுதோ?"

"அண்டைக்கு நான் என்ன மணிக்கூடு பாத்துக்கொண்டே கிடந்தனான்? நீ பிறக்கேக்கையும் பாக்கேல்லை."

"சரி, இப்ப எது சரியான நேரம்? பழசோ புதுசோ?"

"ரெண்டும் சரியான நேரம்தான். ரெண்டு மணிக்கூடும் ஓடினதுதானே?"

"ரெண்டும் சரியெண்டால், உங்களுக்குத் தோதானதை எடுப்பியளோ?"

அன்ரி அவனை உண்மையான வியப்போடு பார்த்தார். "பின்னை? தோதில்லாததையோ எடுக்கிறது?"

கோகுலன் என் பக்கம் திரும்பினான். கன்ரீனில் வரும் அதே முகம். "பாத்தியோ மயூரா? இதுதான் வித்தியாசம். விடை பிடிக்கேல்லையெண்டால் உடனை மணிக்கூட்டைத் திருப்பிறது. ஒரு மனிசனுக்குத் தன்ரை ஆசை கண்ணை மறைக்கிறது கூடத் தெரியாது. அதுதான் இதிலை பெரிய பகிடி."

"தம்பி," என்றாள் அக்கா, "நீ கொஞ்ச நாளைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தியெண்டால் எனக்குக் கலியாணம் நடந்திடும்."

அடுத்த நாளே அன்ரி மறுபடியும் சாத்திரியாரிடம் போனார். அருளம்பலம் சாத்திரியார் ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். அந்த வருடங்களில் வன்னியில் பிறந்த பிள்ளைகளின் தாய்மார் இப்படித் திரும்பி வருவது அவருக்குப் பழக்கம்தானாம். அரை மணித்தியாலத்தைக் கழித்ததும் இலக்கினம் ஒரு வீடு பின்னுக்குப் போனது. எட்டில் இருந்த செவ்வாய் ஒன்பதுக்கு மாறியது. பொருத்தம் திறம் என்று வந்தது. அன்ரி வரும் வழியில் மருதனார்மடத்தில் இறங்கி ஆஞ்சநேயருக்கு வெற்றிலை மாலை சாத்திவிட்டு, அப்படியே சந்தையில் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து கோகுலன் இதை வைத்தே வாழ்ந்தான். மத்தியானச் சாப்பாடு ஆயத்தமா என்று கேட்பதென்றால், "பழைய நேரமோ புது நேரமோ?" என்று சேர்த்துக் கேட்டான். விரிவுரைக்குப் பிந்திப் போய், "பழைய நேரப்படி நான் நேரத்தோடைதான் மிஸ்," என்றான். கன்ரீனில் தன் அம்மா மணிக்கூட்டை நினைவுகூர்ந்த விதத்தை, கைப்பையை மடியில் வைத்து, சுவரைப் பார்த்து, கண்ணை அகல விரித்து நடித்துக் காட்டினான். நன்றாகவே நடித்தான். பக்கத்து மேசைக்காரர் இரண்டாம் தடவை நடிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

பொருத்தம் சரியென்று வந்ததும் மாப்பிள்ளையின் தகப்பனார் கனகலிங்கம் வீட்டுக்கு வந்தார். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சீப்புக் கதலி வாழைப்பழமும் கேக் பெட்டியும் மேசையில் வைத்துவிட்டு, சம்பந்தம் பற்றி இரண்டு வசனம் பேசினார். பிறகு கோகுலன் பக்கம் கதிரையைத் திருப்பினார். அவர் வந்த காரணம் அதுதான் என்று எனக்குப் பட்டது.

"தம்பி, உந்தக் கருந்துளை எண்டிறது ராகு கேது மாதிரியோ?"

"இல்லை அங்கிள். ராகு கேது கற்பனை. இது மெய்."

"ராகுவும் கண்ணுக்குத் தெரியாது."

"இதுவும் தெரியாதுதான். ஆனால் பக்கத்திலை இருக்கிற விண்மீன் ஆடுற ஆட்டத்தைப் பாத்து, இஞ்சை ஒண்டு இருக்கெண்டு கண்டுபிடிக்கலாம்."

கனகலிங்கம் யோசித்துத் தலையாட்டினார். "ஓம் ஓம். புருசன்மார் ஆடுற ஆட்டத்தைப் பாத்தால் வீட்டிலை என்ன இருக்கெண்டு தெரியும்தான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அப்ப காமாக் கதிர் வந்ததோ?"

இங்கே கோகுலன் சொல்லியிருக்க வேண்டிய பதில், இன்னும் தரவைத் திறக்கவில்லை என்பது. அதுதான் உண்மையும்கூட.

"வந்திருக்கும்," என்றான்.

"மண்டபத்திலையோ சொல்லப்போறீர்?"

"பெரிய மண்டபம், அங்கிள்."

கனகலிங்கம் கதிரையில் நிமிர்ந்தார். "அப்ப வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லாரும் வாறம். வான் ஒண்டு பிடிக்கிறன். மச்சாள்மார், அவையின்ரை பிள்ளையள், எல்லாரும். தம்பியின்ரை பேச்சைக் கேட்டிட்டு, அப்பிடியே கீரிமலைக்குப் போய்க் கேணியிலை முழுகி, நகுலேஸ்வரத்திலை ஒரு அர்ச்சனையும் செய்துகொண்டு வருவம். பிள்ளையளும் ஒருக்காச் சேர்ந்து திரிஞ்ச மாதிரி இருக்கும்."

பிள்ளைகள் என்றது அக்காவையும் அருட்செல்வனையும். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். கோகுலனும் நானும் வாழைப்பழச் சீப்போடு பின்னால் போனோம்.

"டேய், உண்மையா வருமோ?" என்று கேட்டாள் அக்கா.

"வராட்டி வரேல்லையெண்டு சொல்லுவன். அதுதானே விஞ்ஞானம்."

"எங்கை நிண்டு சொல்லுவாய்?"

கோகுலன் ஒரு வாழைப்பழத்தை உரித்தான். மாப்பிள்ளையின் மாமிமார் பட்டுச்சேலையோடு கழிப்பறைக்குப் பக்கத்தில் வரிசையாக நின்று போஸ்டர் பார்ப்பதை அவனும் யோசித்திருப்பான் என்று நினைக்கிறேன். நான் யோசித்துப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

புதன்கிழமை காலையில் கோகுலன் தரவைத் திறந்தான். அவனுடைய மடிக்கணினி இந்தக் கணக்கைச் செய்தால் தோசைக்கல் போலச் சுடும் என்பதால், துறையின் கணினி அறையில் மூலையிலிருந்த பெரிய கணினியில் ஓடவிட்டான். வகுப்பில் சொன்ன யன்னல்தான். சொன்ன தொடக்கம், சொன்ன முடிவு. கணக்கு ஓடிக்கொண்டிருக்க அவன் கைகளைப் பின்னால் கட்டி அறையில் மேலும் கீழும் நடந்தான். ஆசையில்லாத மனிதர்கள் இப்படித்தான் நடப்பார்கள் போலும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் விடை வந்தது. இரண்டு தசம் நான்கு சிக்மா.

அவன் கதிரையில் இருந்து அந்த எண்ணைப் பார்த்தான். நானும் பார்த்தேன். மோசமான எண் அல்ல. ஆனால் மூன்றும் அல்ல. சந்தையில் நிறை பார்க்கும்போது கடைக்காரர் இன்னும் இரண்டு மிளகாயைப் போட்டுச் சரிக்கட்டுவாரே, அந்த அளவு குறைவு.

"தற்செயலாவும் வரலாம்," என்றேன்.

"தெரியும்."

"இல்லாமலும் இருக்கலாம்."

"தெரியும் எண்டுறன்."

தக்சாயினி மிஸ் கதவால் எட்டிப் பார்த்தார். "கோகுலன், எவ்வளவு வந்தது?"

"ரெண்டு தசம் நாலு மிஸ்."

"நல்லது. இல்லையெண்டிறதும் ஒரு விடைதான். போஸ்டரை வடிவா அடியும். நிகழ்ச்சி நிரல் அடிக்க நாளைக்குக் காலமை குடுக்கோணும். உம்மடை பேரை எதிலை போடுறதெண்டு அதுக்கு முதல் சொல்லும்."

"ஒருக்காச் சரிபாத்திட்டுச் சொல்லுறன் மிஸ்."

"எதைச் சரிபாக்கப்போறீர்?"

"எல்லாத்தையும்."

மிஸ் ஒரு நிமிடம் நின்றார். வசனம் ஒன்று வரும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. வரவில்லை. போய்விட்டார்.

அவன் சரிபார்த்தான். அதில் குறை சொல்ல முடியாது. கணக்கைச் செய்த கணினி நிரலை வரி வரியாகப் படித்தான். பக்கத்தில் வேறு எந்த விண்பொருளின் கதிராவது கலந்திருக்கிறதா என்று பார்த்தான். செய்மதி எந்தத் திசையில் திரும்பியிருந்தது என்று பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் துக்கம். எங்கேயாவது ஒரு பிழை இருந்திருந்தால் மனிதன் நிம்மதியாகத் திருத்தியிருப்பான்.

அப்போது கைத்தொலைபேசி அடித்தது. அன்ரி. அவர் தொலைபேசியில் பேசுவது, இடையில் இருக்கும் தூரத்தைக் குரலாலேயே கடப்பது போல இருக்கும். பக்கத்தில் இருந்த எனக்கு ஒரு சொல்லும் தப்பவில்லை.

"தம்பி, கனகலிங்கத்தார் எடுத்தவர். ஒரு வான் காணாதாம், ரெண்டாவதும் பிடிக்கட்டோ எண்டு கேக்கிறார். உங்கை மண்டபத்திலை கதிரை காணுமோ?"

கோகுலன் திறந்திருந்த கதவால் வெளியே பார்த்தான். நடைபாதை தெரிந்தது. தண்ணீர் வடிகட்டிக்குப் பக்கத்தில் ஒரேயொரு கதிரை, அதுவும் ஒரு கால் முறிந்து சுவரில் சாய்த்து வைத்தது.

"கதிரை... இருக்கும் அம்மா."

"மண்டபம் ஏசியோ? மாமிக்கு வெக்கை ஒத்துக்கொள்ளாதாம்."

"காத்து வரும்."

"உன்ரை நீலச் சேட்டும் தைச்சு வந்திட்டுது. அக்கா அயன் பண்ணி வைச்சிருக்கிறாள். அவள்தான் ஊரெல்லாம் சொல்லித் திரியிறாள், என்ரை தம்பி பேசப்போறான் எண்டு. ஒழுங்காச் செய் மோனை."

வைத்துவிட்டார். கோகுலன் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தான். பிறகு கதிரையில் பின்னால் சாய்ந்து சுவரைப் பார்த்தான். சுவரில் ஒன்றும் இல்லை.

"மயூரா."

"என்ன?"

"அன்னம்மா எப்ப வெடிக்கத் தொடங்கினவ?"

"நீதானே வகுப்பிலை சொன்னனீ. செய்மதி எச்சரிக்கை அனுப்பின நேரம்."

"எச்சரிக்கை அனுப்பினது அந்தச் செய்மதி கண்ட நேரம் மச்சான். வெடிச்ச நேரம் அதில்லை. அதுக்கு முதலே தொடங்கியிருக்கலாமெல்லோ?" கதிரையை மேசைக்கு இழுத்தான். குரலில் உயிர் வந்திருந்தது. "தரையிலை இருக்கிற தொலைநோக்கி ஒண்டு, அதுக்கு அரை நாள் முந்தியே வெளிச்சம் கூடத் தொடங்கினதைக் கண்டது. அப்ப உண்மையான தொடக்கம் அதெல்லோ?"

"உது உனக்கு முந்தியே தெரியாதோ?"

"தெரியும். வாசிச்சனான்."

"அப்ப ஏன் வகுப்பிலை அதைச் சொல்லேல்லை?"

"அப்ப நினைவு வரேல்லை."

"இப்ப வந்திட்டுதோ?"

"ஓம்."

நான் சிரிக்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அது லேசான காரியமாக இருக்கவில்லை.

"சரி. அப்ப எது சரியான நேரம்? செய்மதி சொன்னதோ, தொலைநோக்கி சொன்னதோ?"

கோகுலன் திரையில் இருந்த இரண்டு தசம் நான்கைப் பார்த்தான். விரலால் மேசை விளிம்பைத் தடவினான்.

"ரெண்டும் சரியான நேரம்தான்," என்றான்.

சொல்லி முடித்த பிறகு அந்த வசனம் எங்கேயோ கேட்டது போல அவனுக்கே பட்டிருக்க வேண்டும். காது மடல் மெல்லச் சிவந்தது. என் முகத்தைப் பார்க்காமல் மேசையிலிருந்த பேனையை எடுத்து, மூடியைக் கழற்றி, திரும்பவும் மூடினான்.

"தேத்தண்ணி குடிக்கலாம் போலை கிடக்கு," என்றான். "போய் ரெண்டு பிளேன்ரீ வாங்கிக்கொண்டு வாறியோ?"

"நீயும் வாவன். காலமையிலையிருந்து உதிலையே இருக்கிறாய்."

"இல்லை, நீ போ. எனக்கு இஞ்சை ஒரு சின்ன வேலை."

எழுந்து போனேன். நடைபாதையில் இரண்டு பெடியன்கள் போன வருடத்துப் போஸ்டர்களின் ஒட்டுநாடாவைச் சுரண்டி, ஆய்வு நாளுக்குச் சுவரைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போன பிறகுதான், கன்ரீனில் கொடுப்பதற்குச் சில்லறை மேசையில் கிடப்பது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்தேன். கதவு இப்போது சாத்தியிருந்தது. மேலே பதித்திருந்த சின்னக் கண்ணாடிச் சதுரத்தால் உள்ளே தெரிந்தது.

கோகுலன் தொடக்க நேரம் இருந்த கட்டத்தை அழித்தான். அரை நாள் முந்திய நேரத்தை அடித்தான். அடித்ததை ஒருமுறை சரிபார்த்தான். அந்த விடயத்தில் அவன் எப்போதும் கவனம். பிறகு கணக்கை ஓடவிட்டான். அறையில் வேறு எவரும் இருக்கவில்லை. இருந்தும் கதிரையை முன்னால் இழுத்து, திரையை முதுகால் மறைத்துக்கொண்டு இருந்தான்.

நான் சில்லறையை எடுக்கவில்லை. கன்ரீன்காரரிடம் பிறகு தருகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று, வந்த வழியே திரும்பி நடந்தேன்.